மாரியூர் டவரில் ‘பூட்டியாச்சு’ என்றது யார்?

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவள் பெயர் மாரிச்செல்வி. அபிராமத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிற ரகம். அவளிடம் மூன்று வேறு வேறு நாட்களில் கேட்டாயிற்று. மூன்று முறையும் ஒரு நிமிடம்கூட மாற்றிச் சொல்லவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மார்கழி இருபத்தாறாம் தேதி விடிவதற்கு முன்னால் மாரியூர் டவருக்குக் கீழே ஒரு தடவை நின்றுவிட்டு வந்து பேசுங்கள்.

முதலில் அவள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அருள்முருகன் செல்போன் டவர் ஏறுகிறவன். அவன் ஏறி இறங்கிய காசில்தான் இவள் காலேஜ் போனாள். இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் இரண்டு கயிறு, ஒவ்வொரு கயிற்று நுனியிலும் ஒரு கராபினர். ஏறுகிறவர்கள் அதைக் கொக்கி என்பார்கள். உள்ளங்கை அளவு அலுமினிய வளையம். அதில் திறந்து மூடுகிற ஒரு வாசல். வாசலின் மேல் ஸ்பிரிங் வைத்த ஒரு குழல். கம்பியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தால் குழல் தானாகச் சுழன்று வாசலைப் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் ‘டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் உயிர்.

பூட்டாத கொக்கியும் பார்ப்பதற்குப் பூட்டிய மாதிரியே இருக்கும். அதனால் இந்தக் கரையில் ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் மேலே இருப்பவன் “பூட்டியாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே நிற்பவன் “சரி” என்று சொல்ல வேண்டும். ‘சரி’ வராமல் கையை விடக்கூடாது.

கடற்காற்றில் உப்பு ஏறிக் குழல் இறுகிப்போகும். அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும் என்று காண்ட்ராக்ட் ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எண்ணெயை ஒருநாளும் கொடுத்ததில்லை. எல்லாரும் வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைப் போட்டார்கள். அருளுக்குப் போட்டுக் கொடுத்தது மாரிச்செல்வி. தலைக்கு வைக்கிற அதே பாட்டில். இரண்டு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, பத்து முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பாள்.

போன வருடத்துக்கு முந்தின மார்கழி இருபத்தாறு. காலை 5.46. மாரியூர் டவரில் நூற்று முப்பது அடியில், நடு மேடைக்குப் பக்கத்தில், அருள் ஒரு கொக்கியை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றினான். பின்பக்கம் சாய்ந்தான்.

கொக்கி கம்பியில் இல்லை.

சூப்பர்வைசர் நாகேந்திரன் எழுதிய அறிக்கை அரைப் பக்கம். ‘பணியாளர் கொக்கியைப் பூட்டாமல் விட்ட கவனக்குறைவு.’ அன்றைக்குக் கீழே நின்றவன் அருளின் கூட்டாளி அசாருதீன், சாயல்குடிக்காரன். “டக்குன்னு கேட்டுச்சு சார், பூட்டியாச்சுன்னு சொன்னான் சார், நான் சரின்னேன்” என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னான். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். ராத்திரி குடித்திருப்பான் என்றார்கள். குடியே தெரியாதவனை.

அவன் கொக்கியைப் பாலிதீன் கவரில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மாரிச்செல்வி அதைக் கட்டில் காலில் மாட்டி மாட்டிப் பார்த்தாள். நூறு தடவை. முந்நூறு தடவை. ஒவ்வொரு தடவையும் சுத்தமாகப் பூட்டியது.

டக். டக். டக்.

பூட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் நாகேந்திரன் எழுதியதுதான் உண்மையா? அண்ணன் பூட்டாமலே பூட்டியாச்சு என்றானா? ஒரு வருடமாக அவளைத் தின்றது இந்தக் கேள்விதான். அழுகைகூட வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் ஆபீஸ் மேல். பிறகு ஊர் மேல். கடைசியில் செத்தவன் மேலேயே.

போன மார்கழி இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் அசாருதீன் வீட்டுக்கு வந்தான். பையிலிருந்து தன் இரண்டு கொக்கிகளையும் எடுத்து வைத்தான்.

“அருளுக்குப் போட்ட மாதிரியே எனக்கும் போட்டுக் குடு, தங்கச்சி. ரெண்டும் சண்டித்தனம் பண்ணுது.”

“ஆபீஸ் எண்ணெய் என்னாச்சுண்ணே?”

“அது நோட்டீஸ் போர்டுல பத்திரமா இருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. பாட்டிலை எடுத்து வந்தாள். அம்மா, அண்ணன், தான் என்று மூன்று பேருடைய சோறும் அந்த விரலில் இருந்த காலம் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் போட்டாள். கை சும்மா இருக்காமல் அண்ணனின் கொக்கிக்கும் ஒரு சொட்டு விட்டாள்.

“எந்த டவர் நாளைக்கு?”

அவன் குனிந்து பாட்டில் மூடியைத் திருகினான். “மாரியூர்” என்றான்.

“கீழ யாரு நிக்கிறா?”

“கூட வர்றவனுக்குக் காய்ச்சல். ஒத்தையா ஏறிட்டு வான்னு நாகேந்திரன் சார் சொல்லிட்டாரு.”

“நான் வாரேன்.”

“நீயா? பொம்பளப்புள்ள, அந்நேரத்துல...”

“டவருக்கு ஆம்பள பொம்பள தெரியுமா? நான் வராம நீ ஏறுன, அப்புறம் இந்த வீட்டு வாசல மிதிக்காத.”

அவன் கொக்கிகளை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கரையில் ஒன்பது மணிக்கு மேல் காற்று பேயாட்டம் போடும். அதனால் விடியும் முன்பே ஏறிவிடுவது வழக்கம். அவள் அதிகாலை 3.50க்கு ஸ்கூட்டியை எடுத்தாள். கிளம்பும் முன் எண்ணெய் பாட்டிலை அடுப்படி அலமாரியில் மேல்தட்டில் வைத்ததும், அலமாரிக் கதவைச் சாத்தியதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் கொக்கியை வண்டியின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

வழியெல்லாம் பனி. சாயல்குடி தாண்டும்போது விரல்கள் மரத்துவிட்டன.

மணி 5.08. மாரியூர் டவர். சுற்றிலும் சீமைக்கருவேலம். கடல் தெரியவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. பனி மூடியதில் டவர் பாதிக்கு மேல் காணவில்லை. அசாருதீன் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான். ஜெர்கினுக்குள்ளேயே பெல்ட் போட்டிருந்தான். கொக்கிகளும் உள்ளேதான். அருளும் அப்படித்தான் வருவான்.

ஜெனரேட்டர் ரூம் பக்கம் படுத்துக் கிடந்த நாய் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மாரிச்செல்வியிடம் வரவில்லை. அசாருதீனிடமும் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவே, ஏணிக்குக் கீழே, ஒன்றும் இல்லாத இடத்தில் போய் நின்று முகர்ந்தது. உட்கார்ந்தது. அண்ணாந்து மேலே பார்த்தது.

“இதுக்கு அருள்தான பிஸ்கட்டு போடுவான்” என்றான் அசாருதீன்.

அவன் டார்ச்சை ஏணியில் அடித்தான். இரும்பு முழுக்கப் பனித்துளி. ஆனால் படிகளில்...

படிகளில் துளி இல்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு இடத்தில், கை பிடிக்கிற அகலத்துக்கு, துடைத்தது போல் காய்ந்திருந்தது. வெளிச்சம் எட்டுகிறவரை அப்படித்தான் இருந்தது.

“யாரும் ஏறியிருக்காங்களா?” என்றாள்.

“கொரங்கா இருக்கும்.”

“இங்கன ஏதுண்ணே கொரங்கு?”

பிஸ்மில்லா என்று முணுமுணுத்துவிட்டு ஏறத் தொடங்கினான். மணி 5.22.

டக்.

“பூட்டியாச்சு.”

“சரி” என்றாள் மாரிச்செல்வி.

டக்.

“பூட்டியாச்சு.”

“சரி.”

பத்தாவது முறையில் அவன் கால் மட்டும் தெரிந்தது. பதினைந்தாவது முறையில் அதுவும் பனிக்குள் போய்விட்டது. இனி சத்தம் மட்டும்தான். டக். பூட்டியாச்சு. சரி. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். குரல் கொஞ்சம் கட்டியது போல் இருந்தது. பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

மணி 5.37. ஒன்று உறைத்தது. ‘டக்’ சத்தம் ஓர் உயரத்திலிருந்து வருகிறது. ‘பூட்டியாச்சு’ அதற்கும் மேலே இருந்து வருகிறது.

காற்று புரட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்ஜினியரிங் படித்தவள் அல்லவா.

நாய் முனகியது.

மணி 5.41. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. தலையில் வைத்த எண்ணெய், வெயில் பட்டுச் சூடான மாதிரி வாசனை. அந்தக் குளிரில். அவள் தலைக்கு எண்ணெய் வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

டக்.

“பூட்டியாச்சு.”

“சரி.”

மணி 5.45.

“பூட்டியாச்சு.”

அவள் வாய் திறந்தது. சரி வரவில்லை.

டக் கேட்கவில்லை.

“பூட்டியாச்சு” என்றது குரல் மறுபடியும்.

டக் இல்லை.

கடல்கூட அடங்கிவிட்டது போல் இருந்தது.

“பூட்டியாச்சு...”

மூன்றாவது முறை. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும்.

அவள் சரி சொல்லவில்லை.

அப்போது காதுக்குப் பக்கத்தில். மேலே இல்லை. பக்கத்தில். மார்கழி பிறந்தால் தினமும் காலையில் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த குரல். கோபம் இல்லாமல், அவசரம் இல்லாமல்...

“செல்வி, எண்ணெய வெயில்ல வச்சியா?”

திரும்பினாள்.

யாரும் இல்லை.

கை தானாக வண்டிப் பெட்டிக்குள் போனது. அண்ணனின் கொக்கி ஐஸாகச் சில்லிட்டிருந்தது. வாசலைத் திறந்தாள். விட்டாள்.

சத்தம் வரவில்லை.

குழல் பாதி சுழன்று நின்றது. வாசல் மூடிய மாதிரி இருந்தது. பூட்டவில்லை. விரல் நுனியில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியது.

எண்ணெய். உறைந்திருந்தது.

“அண்ணே” என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். “கைய விடாத. சாயாத. கொக்கியப் பாரு.”

மேலே ஒன்றும் இல்லை.

பிறகு, அவள் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வான இடத்திலிருந்து, அசாருதீனின் குரல்.

“பாதிதான் பூட்டியிருக்கு, செல்வி.”

ஒரு கையால் கம்பியைக் கட்டிக்கொண்டு, குழலை வாய்க்கு எடுத்து ஊதி, பல்லால் திருகி, அவன் பூட்டிய சத்தம் 5.49க்குக் கேட்டது. டக். அதற்குப் பிறகு ‘பூட்டியாச்சு’ வரவில்லை. ஒவ்வொரு கொக்கியையும் ஊதி ஊதி இறங்கி வர அரை மணி நேரம் ஆனது.

கீழே வந்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

“நான் ஏறுனதுலேர்ந்து நீ எதுக்குச் சரி, சரின்னு கத்திக்கிட்டே இருந்த?”

“நீ பூட்டியாச்சுன்ன. நான் சரின்னேன்.”

“நான் சொல்லல.”

அவள் அண்ணாந்து டவரைப் பார்த்தாள்.

“ஒரு தடவகூடச் சொல்லல, செல்வி. அருள் மவுத்தான நாள்லேர்ந்து அந்த வார்த்த என் வாயில வராது. கூட நிக்கிறவங்கெல்லாம் ஏசுவாங்க. அப்பவும் வராது.”

நாய் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “அன்னிக்கி டக் கேக்கல.”

“என்ன?”

“எல்லார்ட்டயும் கேட்டுச்சுன்னு சொன்னேன். பொய். பூட்டியாச்சுன்னு மட்டுந்தான் கேட்டுச்சு. டக் கேக்கல. பழக்கத்துல சரின்னுட்டேன். நான் சரின்னதும்தான் அவன் சாஞ்சான்.”

அவனை அடிக்க வேண்டும் போல் அவளுக்கு இருந்தது. கை ஓங்கவில்லை. அந்தக் கையின் விரலில் எண்ணெய் இருந்தது.

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? தலைக்கு வைக்கும்போது தெரிகிறது. பாட்டிலை வெயிலில் வைக்கிறோம். கொக்கிக்கு வைக்கும்போது தோன்றவில்லை. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவளுக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குள், கட்டில் காலில், முந்நூறு தடவை சோதித்தாளே. எல்லாம் பகலில். வெதுவெதுப்பில். ஜெர்கின் சூட்டில் இருந்த கொக்கியும் ஏறத் தொடங்கும்போது பூட்டும்; பனியில் ஏற ஏறத்தான் எண்ணெய் உறையும்.

அண்ணன் பூட்டாமல் விடவில்லை. பூட்டிவிட்டதாக நம்பித்தான் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அது போதும் என்று மாரிச்செல்வி நினைத்தாள். அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு வருடத்து அழுகை.

அங்கிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் ராமநாதபுரத்துக்குப் போனாள். ஆபீஸில் நாகேந்திரன் இருந்தார். மணி 11.10. வெளியே வெயில் கொளுத்தியது.

“இந்தா பாருங்க சார். எப்படிப் பூட்டாம நிக்குதுன்னு பாருங்க.”

மேஜை டிராயரின் கைப்பிடியில் மாட்டினாள். கையை விட்டாள்.

டக்.

“நல்லாத்தானேம்மா இருக்கு” என்றார் நாகேந்திரன்.

மறுபடியும் மாட்டினாள். டக். எண்ணெய் உருகியிருந்தது. அவள் கொண்டுவந்த சாட்சி வழியிலேயே கரைந்துபோயிருந்தது.

விளக்கிச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “தேங்காண்ணெய் போடச் சொல்லி நாங்க எங்கயாவது எழுதியிருக்கோமா? அதுவும் அவன் தப்புத்தானேம்மா” என்றார்.

“போடுறதுக்கு நீங்க எதாவது குடுத்தீங்களா சார்?”

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அம்மா ராக்கு களையெடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். வேறு ஒன்றைக் கேட்டாள்.

“காலையில எதுக்குடி எண்ணெ பாட்டில செவுத்து மேல வச்சுட்டுப் போன?”

“எந்தச் செவுத்துல?”

“அந்தா, அங்கனதான்.”

கிழக்குப் பக்கத்துக் குட்டிச்சுவர். முதல் வெயில் விழுகிற இடம். மார்கழியில் அருள் வீட்டில் இருக்கிற நாளெல்லாம் பாட்டிலை அங்கேதான் வைப்பான். பாட்டில் இன்னும் அங்கேயே இருந்தது.

“நான் வைக்கலம்மா.”

“பின்ன யாரு வச்சா? நாலரைக்கு நான் எந்திரிச்சு வாரேன், செவுத்துல இருக்கு. அண்ணன் வைக்கிற எடத்துலயே வச்சிருக்காளேன்னு அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். ஏண்டி, அடுப்புல காட்டித்தான வச்ச?”

“ஏன் கேக்குற?”

“இருட்டுக்குள்ள, அந்தப் பனியில, எண்ணெ தண்ணியா உருகிக் கெடந்துச்சு. பாட்டிலு சுட்டுச்சுடி.”

நாலரைக்கு மாரிச்செல்வி கமுதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வெயில் வர இரண்டு மணி நேரம் இருந்தது.

அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொக்கி ஏன் பூட்டவில்லை என்பதை இன்றுவரை சொல்லவில்லை. அருளின் கொக்கிக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தது யார் என்று அந்தத் தாய்க்குத் தெரியும்.

அசாருதீன் வேலையை விடவில்லை. கொக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடுவதை மட்டும் எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஆபீஸ் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. அரைப் பக்க அறிக்கையும் அப்படியேதான் இருக்கிறது.

மாரியூர் டவரில் பனி இறங்குகிற காலையில் இப்போதும் கேட்கிறதாம். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ‘பூட்டியாச்சு’ என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி.

நீயாவது போய்ச் சரி சொல்லிவிட்டு வரலாமே, அவன் இறங்கிவிடுவானே என்று மாரிச்செல்வியிடம் கேட்டதற்கு, அவள் கொக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

“அந்த ‘கவனக்குறைவு’ங்கிற வார்த்தைய அவங்க கோடு போட்டு அடிக்கட்டும். அன்னிக்கிப் போயிச் சொல்லுறேன்.”